பழைய சான்ட்ரோவும் 1001 மாடுகளும்

என்னிடம் இருப்பது 2009ஆம் வருடத்து ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தென்னேரிப் பக்கம் கறவை மாடு வைத்திருக்கிறேன். சொசைட்டிக்கு ஊற்றியது போக மீதிப் பாலை வாலாஜாபாத்தில் சில வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் கொடுக்கிறேன். குடும்பத்தோடு கோயில், கல்யாணம் என்று போவதும் இதே வண்டியில்தான். பழைய சான்ட்ரோ வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக, பாரம் ஏற்றி ஓட்டுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் உயரம். சான்ட்ரோ வந்த புதிதில் அதன் உருவம் பலருக்குப் பிடிக்கவில்லை. டப்பா மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த உயரம்தான் சோறு போடுகிறது. பின் சீட்டை மடித்துவிட்டால் பால் கேன் நிமிர்ந்து நிற்கும். தவிடும் புண்ணாக்கும் மூட்டையாக ஏற்றலாம். இன்னொரு வசதியைப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் உணர முடியும். முட்டிவலி உள்ள என் அம்மா இதில் குனியாமல் ஏறி, கையை ஊன்றாமல் இறங்குகிறார். தாழ்வான புதிய கார்களில் அவரை ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

எஞ்சின் 1086 சி.சி., நான்கு சிலிண்டர். 1998இல் வந்த முதல் சான்ட்ரோவில் இருந்தது 999 சி.சி. அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் சிலவற்றில் மூன்று சிலிண்டர்தான் இருந்தது, நின்றாலே உதறும். இது உதறுவதில்லை. காலியாக ஓட்டும்போது வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரை நான்காம் கியரிலேயே போய்விடலாம். ஹைவேயில் எனக்கு லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் வரை கிடைக்கிறது. மூட்டை ஏற்றினால் குறையும், அது எந்த வண்டிக்கும் உள்ளதுதான். பின் சீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் என்றால் ஒல்லியாக இருக்க வேண்டும்.

சரி, இனி சொல்லப்போவது வண்டியைப் பற்றியது இல்லை என்று தோன்றலாம். எனக்கு இதையும் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுதாகாது.

ஹூண்டாய் என்ற பேரை ஆரம்பித்தவர் சுங் ஜூ யுங். 1915இல் பிறந்தவர். ஊர் டோங்சோன் பகுதியில் அசான் என்ற கிராமம், இன்றைக்கு அது வடகொரியாவில் இருக்கிறது. கொரியா அப்போது ஜப்பான்காரர்களின் பிடியில் இருந்தது. எட்டுப் பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். விடிவதற்கு முன்னால் அப்பாவோடு நிலத்துக்குப் போக வேண்டும், அப்படி உழைத்தும் வயிறு நிறையாத விவசாயம். பிழைக்க வழி தேடி நான்கு முறை வீட்டை விட்டு ஓடியிருக்கிறார். ஒரு முறை ரயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலை. இன்னொரு முறை, அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வோன் பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ரயில் ஏறிவிட்டார். கணக்கெழுதும் படிப்பில் சேர்ந்தார். அப்பா தேடிக்கொண்டு வந்து திரும்ப ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்.

மாடு விற்ற பணம் என்றால் என்ன என்பது மாடு வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்துக்காக ஒரு மாட்டை விற்றார்கள். அது போன பிறகு அந்தக் கொட்டகைப் பக்கம் போகவே அப்பாவுக்கு மனசில்லை. அந்த மாதிரிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய பையனுக்கு அது வாழ்நாள் முழுக்க உறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

நான்காவது முறை ஓடியபோது வயது 18. இன்சோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே கூலிக்காரர்கள் தங்கும் இடத்தில் மூட்டைப்பூச்சித் தொல்லை. மேசை மேல் படுத்து, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் வைத்த பாத்திரங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் எறும்புக்குச் செய்கிற அதே வேலைதான். இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் பூச்சிகள் சுவரில் ஏறி, கூரைக்குப் போய், மேலிருந்து ஆள் மேல் விழுந்தன. ஒரு பூச்சியே இவ்வளவு வழி தேடுகிறதே என்று அவர் பிற்காலத்தில் அடிக்கடி சொல்லிக்காட்டுவாராம்.

பிறகு சியோலில் ஒரு அரிசிக் கடையில் டெலிவரி வேலை. சைக்கிள் சரியாக ஓட்ட வராமலேயே வரும் என்று சொல்லிச் சேர்ந்தவர், மழையில் அரிசியோடு சாய்ந்து விழுந்தார். ராத்திரியெல்லாம் பழகினார். சில வருடங்களில் முதலாளி கடையையே அவர் கையில் கொடுத்துவிட்டார். 1939இல் ஜப்பான் அரசு அரிசிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் கடையை மூட வேண்டியதாயிற்று. அடுத்து கார் ரிப்பேர் ஷாப், அது தீயில் எரிந்தது. மறுபடி கடன் வாங்கி நிமிர்ந்தார். 1947இல் கட்டடக் கம்பெனி, 1967இல் கார் கம்பெனி. கார் கம்பெனியை ரொம்ப வருடம் முன்னால் நின்று நடத்தியவர் அவருடைய தம்பி சுங் சே யுங். கொரியாவின் சொந்த மாடலாகப் போனி கார் 1975இல் வெளிவந்தது.

இதற்கிடையில் நாடு இரண்டாகிவிட்டது. பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தென்கொரியாவில் சோசான் என்ற இடத்தில் கடலை அடைத்து நிலமாக்கினார். கடைசி இடைவெளியில் நீரோட்டம் அடங்காதபோது, 1984இல் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தி அடைத்தார்கள். அந்த நிலத்தில் பண்ணை வைத்து மாடு வளர்த்தார். 1998 ஜூன் 16 அன்று, 82 வயதில், 500 மாடுகளை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு பன்முன்ஜோம் எல்லையைத் தாண்டி வடக்கே போனார். அவற்றில் சினை மாடுகளும் இருந்தன. அக்டோபரில் இன்னும் 501. அப்பாவின் ஒரு மாடு ஆயிரம் மாடாகிவிட்டது, அந்தக் கடனை அடைக்கப் போகிறேன் என்ற அர்த்தத்தில் அவர் பேசினார். அந்த நவம்பரிலேயே தெற்கிலிருந்து கும்காங் மலைக்குச் சுற்றுலாக் கப்பல் போகத் தொடங்கியது. அவருடைய சொந்த ஊர் அந்த மலைக்குப் பக்கத்தில்தான்.

ஜூனில் ஒரு தொகுதி மாடு, அக்டோபரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, செப்டம்பர் 23 அன்று, எங்கள் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் செய்த முதல் சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது. இது தற்செயல் என்று தெரியும். ஆனாலும் தீவனம் ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரம் வழியாக வரும்போதெல்லாம் இந்த மூன்று மாதங்களும் ஒன்றாகத்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அவரைக் குறையே இல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். தொழிற்சங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. 1987இல் உல்சானில் அவருடைய ஆலைகளின் தொழிலாளர்கள் பெரிய அளவில் தெருவுக்கு வந்துதான் சங்க உரிமையைப் பெற வேண்டியிருந்தது. தானே மூட்டை தூக்கிய மனிதர் மூட்டை தூக்குகிறவர்களின் பேச்சுக்கு இன்னும் காது கொடுத்திருக்க வேண்டும். அது எனக்கு வருத்தம்தான். 1992இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார். 2001 மார்ச்சில் இறந்தார். ஆனால் பணம் வந்த பிறகு பிறந்த மண்ணை மறந்துவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்துவிட்ட எனக்கு, 82 வயதில் மாடுகளோடு ஊர்ப்பக்கம் போனவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

வண்டிக்கு வருகிறேன். சான்ட்ரோ ஜிங் உற்பத்தி 2014 கடைசியில் நின்றுவிட்டது. 2018இல் அதே பேரில் வந்தது வேறு கார், அதுவும் 2022இல் நின்றது. ஜிங் வாங்குவதானால் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். இதில் செயின் இல்லை, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் செலவு பெரிது. பில் காட்டாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் தரையில் போட்டிருக்கும் விரிப்பைத் தூக்கித் துரு பாருங்கள், முக்கியமாகக் கால் வைக்கும் இடத்தில். ஏரிக்கரை ஊர்களில் ஓடிய பழைய வண்டி எதுவானாலும் இதைப் பார்க்காமல் பேரம் பேசக்கூடாது. பவர் ஸ்டியரிங் உள்ள மாடலாக இருந்தால் சந்து பொந்தில் கை வலிக்காது. உதிரி பாகம் இன்னமும் சுலபமாகக் கிடைக்கிறது, உள்ளூர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் இந்த எஞ்சின் பழக்கம்.

இன்னொன்று, 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். எனக்கு அதை முடித்தாகிவிட்டது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துக் கேளுங்கள். பகட்டுக்கு வண்டி தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. மாடு, தோட்டம், சின்னக் கடை, வயதான அம்மா அப்பா என்று இருக்கிற வீட்டுக்கு நான் தைரியமாகச் சொல்வேன், வாங்குங்கள்.