மணாலி–லே சைக்கிள் குழுப் பயணம்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அடுத்த சீசனுக்கான மணாலி–லே சைக்கிள் பயண விளம்பரங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. போன முறை அப்படி ஒன்றில் சேர்ந்தவன் நான். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைச் சொல்லலாம்.

ரோதாங் கணவாய் வழியாகப் போனால் சுமார் 475 கிலோமீட்டர். 4,890 மீட்டரில் பாரலாச்சா லா (‘லா’ என்றால் கணவாய்), 5,000 மீட்டரைத் தாண்டி லாச்சுலுங் லா, கடைசியாக 5,328 மீட்டரில் தங்லங் லா. இதைத் தனியாளாக மிதித்து முடிப்பவர்களும் உண்டு. குழுவில் சேர்ந்து இவ்வளவு பணம் கட்டுவது பின்னால் வரும் சப்போர்ட் வண்டிக்காகத்தான். தார்ச்சாவைத் தாண்டினால் ரும்ட்சே வரை ஊர் என்று எதுவும் இல்லை. கோடையில் மட்டும் முளைக்கும் கூடாரக் கடைகள், ராணுவ முகாம்கள், அவ்வளவுதான். செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலையே செய்யாது.

அந்த வண்டியைத்தான் எங்களுக்குத் தெரியாமல் ஒரு மோட்டார் பைக் குழுவுக்கும் பேசி வைத்திருந்தார்கள். வழியில் ஜிஸ்பா என்ற ஊரில்தான் விஷயம் வெளியே வந்தது. காலையில் அவர்கள் மூட்டைகளையும் ஏற்றி முடிக்கும்வரை எங்களைக் காக்க வைப்பார்கள். அப்புறம் வண்டி எங்களைத் தாண்டிப் பறந்துவிடும். சாயங்காலம் முகாமில்தான் அதைப் பார்ப்போம். தாமதமாகக் கிளம்புவது அந்தப் பாதையில் சின்ன விஷயம் இல்லை. வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையை மறிக்கும் ஓடைகளில் தண்ணீர் கூடிக்கொண்டே போகும். காலையில் கணுக்கால் அளவு இருப்பதை மதியத்துக்கு மேல் முழங்கால் ஆழத்தில், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தோம்.

சைக்கிள்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக் பேட் தேய்ந்து உலோகம் உரசியது. ‘மெக்கானிக்’ என்று வந்தவர் டிரைவரின் உதவியாளர். அவரிடம் இருந்தது ஒரு பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது சர்ச்சு இரவு. பயணத் திட்டத்தில் ஜிஸ்பாவுக்கும் சர்ச்சு முகாமுக்கும் நடுவில் ஒரு தங்கல் இருந்தது. பைக் குழுவுக்கு சர்ச்சுவில் முகாம் போட்டாகிவிட்டது என்று சொல்லி அதை ரத்து செய்தார்கள். ஒரு முகாமின் செலவு அவர்களுக்கு மிச்சம். சுமார் 3,200 மீட்டரில் தூங்கி எழுந்தவர்கள் மறுநாள் 4,290 மீட்டரில் படுத்தோம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை அறிவுரை. ஆள் கூட்டிப்போய்ப் பிழைப்பவர்களுக்கு இது தெரியாதா என்ன?

ராத்திரி எங்களில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. எழுந்து நின்றால் குடிகாரர்போலத் தள்ளாடினார். மூளை வீங்கத் தொடங்கியிருப்பதற்கான அறிகுறி அது. உடனே கீழே இறக்க வேண்டும். சர்ச்சுவின் சிக்கலே அங்கேதான். மணாலி பக்கம் இறங்க பாரலாச்சாவை ஏறித் தாண்ட வேண்டும், லே பக்கம் லாச்சுலுங். எந்தப் பக்கம் போனாலும் முதலில் மேலே ஏறியாக வேண்டிய இடத்தில் வேகமாகப் போக ஒரு வண்டி வேண்டும். எங்கள் வண்டியோ பைக் குழுவில் பழுதான ஒன்றை ஏற்றிக்கொண்டு லே பக்கம் இருக்கும் பாங் முகாமுக்குப் போயிருந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, காற்றை அளவாக வெளியே விடும் ரெகுலேட்டர் இல்லை. அது இல்லாத சிலிண்டர் வெறும் இரும்பு. பக்கத்து முகாமில் இருந்த சுற்றுலா வேன் டிரைவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கேலாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நண்பர் பிழைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டால், “உயர நோய் பங்கேற்பாளர் பொறுப்பு, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்று பதில். கையெழுத்துப் போட்டது மலையின் ஆபத்துக்கு. காசு வாங்கிய வண்டியை வேறொருவருக்கு ஓட்டியதற்கு இல்லை.

இவர்களிடமோ இவர்களைப் போன்றவர்களிடமோ பேசுகிறீர்கள் என்றால், வண்டி கடைசி சைக்கிளுக்குப் பின்னால்தான் வரும், வேறு குழுவுக்குப் பகிரப்படாது என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தங்கலின் உயரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘சூழ்நிலைக்கேற்ப மாறும்’ என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். மணாலியிலேயே சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லி, மீட்டர், ரெகுலேட்டர், மாஸ்க் மூன்றையும் பாருங்கள். சங்கடப்பட வேண்டாம். சரியானவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மணாலிக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. நாங்கள் போட்டிருக்கிறோம். நோட்டீஸ் போனதும் பாதிப் பணத்தைத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். வாங்குவதாக இல்லை.