ரோஸ்ஹில்ல ஒரு நாள் ஏஐ ப்ராம்ப்ட் கிளாஸ்: காலைல வேஸ்ட், மத்தியானம் தங்கம்

போன சனிக்கிழமை மொரீஷியஸ்ல ரோஸ்ஹில்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல ப்ராம்ப்ட், அதாவது ஏஐகிட்ட வேலை சொல்ல நாம டைப் பண்றது, எழுதுறது எப்படின்னு ஒரு நாள் கிளாஸ் நடந்துச்சு, ஃபீஸ் 1,500 ரூபா, காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் 4 வரைக்கும். போலாமா வேணாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க, அதான் விவரமா எழுதுறேன்.

நான் எதுக்கு போனேன்னு சொன்னா தான் மத்தது புரியும். காத்ர் போர்ன்ல ஞாயித்துக்கிழமை கோயில்ல பிள்ளைங்களுக்கு தமிழ் சொல்லிக் குடுக்கிறேன். வீட்டுல கிரியோல்ங்கிற இந்த ஊர் பேச்சு மொழி, ஸ்கூல்ல இங்கிலீஷும் பிரெஞ்சும், தமிழ எழுத்துக்கூட்டி படிக்கிறதே இதுங்களுக்கு பெரிய விஷயம். தமிழ்நாட்டு பாடப்புத்தகம் ஒத்து வரல, வாராவாரம் ஒர்க்ஷீட் நானே தயார் பண்ணணும். ஏஐகிட்ட கேட்டா சும்மா வழவழன்னு எழுதித் தள்ளும், அத திருத்துறதுக்குள்ள நானே எழுதிடலாம்னு ஆயிடும்.

காலைல மூணு மணி நேரம் ஸ்லைடு. 50 ரெடிமேட் ப்ராம்ப்ட் ஒரு பிடிஎஃப்ல குடுத்து அதையே வாசிச்சாங்க. "நீ உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்" அப்படின்னு ஆரம்பிங்க, "படிப்படியா யோசி"ன்னு முடிங்க, இதான் சாரம். படிப்படியா யோசிக்க வைக்கிறது 2022ல கூகுள் ஆராய்ச்சியாளர்கள் காட்டின நல்ல வழி தான், கணக்கு மாதிரி விஷயத்துல நெசமாவே விடை சரியா வந்துச்சு, ஆனா இப்ப வர்ற ஏஐ மாடல் நிறைய அத தானாவே செய்யுது. உலகத்திலேயே சிறந்தவர்னு புகழ்ந்தா பேச்சு தோரணை கொஞ்சம் மாறும், அதுக்கு தெரியாத விஷயம் அதனால வந்துடாது. அந்த பிடிஎஃப நான் திரும்ப தொறக்கவே இல்ல.

மத்தியானம் சூடா தோல் பூரி (பருப்பு வெச்ச நம்ம ஊர் ரொட்டி) குடுத்தாங்க, அதுக்கப்புறம் தான் கிளாஸே ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு. சொல்லிக் குடுத்த தம்பி ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் வந்து உக்காந்தாரு. நான் டைப் பண்ணது ஒரே வரி, "தைப்பூசக் காவடி பற்றி ஒரு பத்தி எழுது". பழனி வந்துச்சு, மலேசியா பத்துமலை வந்துச்சு, "பக்தர்கள் விரதம் அனுஷ்டித்து"ன்னு நீட்டு நீட்டா வரி, மொரீஷியஸ் ஒரு இடத்துல கூட இல்ல. கவர்மெண்ட் லீவு விட்டு நாடே கொண்டாடுற திருநாள், அதுல நம்ம ஊரே இல்லன்னா மனசுக்கு கஷ்டமா இருக்கும்ல.

அந்த தம்பி கீபோர்ட தொடல, கேள்வி தான் கேட்டாரு. எத்தன பிள்ளைங்க மிஸ், என்ன வயசு, போன வாரம் என்ன படிச்சாங்க, எத்தன வரி அவங்களால படிக்க முடியும், நம்ம வீட்டுல காவடிக்கு என்ன செய்வோம். நான் சொல்லச் சொல்ல, "லி பா கோனே, ஊ பிஜேன் தீர் லி"ன்னாரு. அதாவது அதுக்கு தெரியாது, நீங்க தான் சொல்லணும். மூணு மாசமா எனக்கு புரியாம இருந்தது அந்த ஒரு வார்த்தைல புரிஞ்சிடுச்சு.

அப்புறம் எழுதின ப்ராம்ப்ட் இது: "மொரீஷியஸ்ல 9 வயசு பிள்ளைங்களுக்கு, வீட்டு மொழி கிரியோல், தமிழ் இப்ப தான் எழுத்துக்கூட்டி படிக்கிறாங்க. எட்டு வரி வேணும், ஒரு வரில நாலு வார்த்தைக்கு மேல வேணாம். பத்து நாள் விரதம், காவடி, வாழை இலைல ஏழு கறி, இது மூணும் வரணும். வேற நாடு வேணாம். வரி இப்படி இருக்கணும்: அம்மா பூ கட்டினாள். நான் கோயிலுக்குப் போனேன்."

வந்தது அப்படியே கிளாஸ்ல குடுக்கலாம் போல இருந்துச்சு. "நேர்த்திக்கடன்"னு ஒரே ஒரு வார்த்தை தான் உறுத்துச்சு, அந்த வரிய மட்டும் மாத்து மத்தத தொடாதன்னு சொன்னேன், மாத்திடுச்சு. அப்படி சொல்லலன்னா மொத்தத்தையும் கலைச்சு போட்டுடும், அனுபவம். அந்த ரெண்டு சாம்பிள் வரி தான் பெரிய வேல செஞ்சது, எளிமையா எழுதுன்னு பத்து தடவ கெஞ்சுறத விட ரெண்டு உதாரணம் காட்டுறது மேல். சாட்ஜிபிடிக்கு முந்தின ஜிபிடி-3 மாடல் வந்தப்ப 2020ல வெளியான கட்டுரையோட தலைப்பே இந்த விஷயம் தான்.

அப்பா அம்மாக்களுக்கு கிரியோல்ல மெசேஜ் எழுதவும் பழகினேன். கிரியோல்னு மட்டும் போட்டா சில சமயம் ஹைட்டி கிரியோல் கலந்து வருது, நம்ம "மோ பெ வினி" இருக்க வேண்டிய இடத்துல "ம்வென் ஆப்"னு ஏதோ வரும். மொரீஷியஸ் கிரியோல்னு எழுதி, நம்ம பழைய மெசேஜ் ஒண்ண ஒட்டினா சரியாகுது.

ஒரு விஷயத்துல அந்த தம்பியோட எனக்கு ஒத்துப் போகல. தமிழ்ல கேக்காதீங்க, இங்கிலீஷ்ல கேட்டு மொழிபெயர்க்க சொல்லுங்கன்னாரு. அது பழைய கதை. தமிழ முன்ன துண்டு துண்டா நொறுக்கி தான் மெஷின் படிக்கும். 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ மாடல் வந்தப்ப அத செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனி காட்டின தமிழ் சாம்பிள்ல அந்த துண்டு, அதாவது டோக்கன், 116 இருந்தது 35 ஆ குறைஞ்சிருந்துச்சு. தமிழ்ல எழுத வேண்டியத தமிழ்லயே கேளுங்க, நம்ம பேச்சு நடை அப்ப தான் வருது.

குறைன்னா, 16 பேருக்கு 8 கம்ப்யூட்டர் தான், எதுலயும் தமிழ் கீபோர்ட் இல்ல, போன்ல டைப் பண்ணி மெயில்ல அனுப்பி ஒட்டினேன். அதவிட எனக்கு பயமா இருந்தது வேற. பக்கத்துல இருந்த ஒருத்தர் ஆபீஸ் ஆளுங்க பேரு, ஐடி நம்பர், சம்பளம் எல்லாம் அப்படியே ஒட்டினாரு, யாரும் தடுக்கல. 2017லயே டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டம் இருக்குற நாடு இது, அத பத்தி ஒரு ஸ்லைடு கூட இல்ல. நான் தான் அவர்கிட்ட சொல்லி அழிக்க வெச்சேன்.

5க்கு 3 குடுப்பேன், அந்த மூணும் மத்தியானத்துக்கு. போறவங்க சொந்த லேப்டாப் எடுத்துட்டு போங்க, உங்க வேலைல நெசமா இருக்குற ஒரு பேப்பர கையில வெச்சுக்குங்க, அந்த தம்பி பக்கத்துல வந்து உக்காரும்போது அத காட்டுங்க. மத்தியான கிளாஸ் மட்டும் 800 ரூபாக்கு தனியா வெப்பீங்களான்னு கேட்டிருக்கேன், வெச்சா எங்க கோயில் டீச்சருங்க நாலு பேரையும் கூட்டிட்டு போவேன்.