மாடிப்படி லைட்டும் டூ-வே சுவிட்சும்: நான்கு வருட அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா கட்டியது. 2021-ல் ஒயரிங் முழுக்க மாற்றினோம். பொள்ளாச்சியில் கடை கடையாக ஏறி, சுவிட்ச் எந்த நிறத்தில் எடுப்பது என்று அரை நாள் யோசித்தேன். இன்று அந்த நிறம் கண்ணிலேயே படுவதில்லை. சுவருக்குள் போன ஒயர்தான் தினமும் பேசுகிறது.

மாடிப்படி லைனை மட்டும் தொடவில்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச், எதைத் தட்டினாலும் ஒரே லைட் எரியும், அணையும்; இதைத்தான் டூ-வே என்பார்கள். பூச்சு நன்றாக இருந்தது, காடி வெட்ட மனசு வரவில்லை. கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி புதிதாக மாட்டியிருந்தோம். அதன் வழியே போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால் டிரிப் ஆகி லைனைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அது. படி லைட்டைப் போட்டால் உடனே டிரிப் ஆகும். வேலை செய்த எலக்ட்ரீசியன் ஆர்சிசிபி கோளாறு என்று வேறொன்று மாட்டினார். அதுவும் விழுந்தது.

அப்புறம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். ஏணியில் ஏறி பல்பைக் கழற்றி, ஹோல்டரின் ஒரு பின்னில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. அடுத்த பின்னிலும் எரிந்தது. “சுவிட்ச் அணைஞ்சுதான் இருக்கு, ரெண்டு பக்கமும் ஃபேஸ் நிக்குது பாருங்க தம்பி” என்றார். ஃபேஸ் என்றால் கரண்ட் கொண்டுவரும் ஒயர்; அது திரும்பிப் போகும் ஒயர் நியூட்ரல். எத்தனை முறை அந்த பல்பை நானே மாற்றியிருக்கிறேன் என்று நினைத்தபோது கை குளிர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒயரை மிச்சம் பிடிக்க, கீழ் சுவிட்சுக்குக் கீழ் போர்டிலிருந்தும் மேல் சுவிட்சுக்கு மாடி போர்டிலிருந்தும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சுவிட்ச் ஃபேஸும் மற்றது நியூட்ரலும் கொடுத்தால் பல்பு எரியும். இரண்டும் ஃபேஸ் கொடுத்தால் பல்பு அணையும், ஆனால் ஹோல்டர் முழுக்க கரண்ட் நிற்கும். எரியும்போது கீழ் லைனில் போன கரண்ட் மாடி நியூட்ரல் வழியே திரும்புகிறது. 9 வாட் பல்புக்கே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் வரும்; ஆர்சிசிபி விழாமல் என்ன செய்யும்? அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

சுவரை உடைத்தோம். இப்போது ஒரே சர்க்யூட்டின் ஃபேஸ் கீழ் சுவிட்சின் நடு முனைக்கு வருகிறது. இரண்டு சுவிட்சுக்கும் இடையில் இரண்டு ஒயர். மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து பல்புக்கு ஒன்று. அதே சர்க்யூட்டின் நியூட்ரல் நேராக பல்புக்கு. அதன்பின் ஒரு முறைகூட டிரிப் ஆகவில்லை.

பெரியவர் சொன்ன இன்னொன்றையும் கேட்டேன்: ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு நியூட்ரல். “லைட்டுக்கு எதுக்குங்க அத்தனை ஒயரு?” என்று பழைய எலக்ட்ரீசியன் கேட்டிருந்தார். போன வருடம் அம்மா அறையில் ஸ்மார்ட் சுவிட்ச் வைத்தபோது பதில் கிடைத்தது. அந்த சுவிட்ச் இயங்கவே எப்போதும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகை, பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொள்ளும். சின்ன எல்ஈடி அணைந்த பிறகும் மங்கலாக மினுக்கும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதைவிடவும் உதவியது அம்மாவின் கட்டில் ஓரத்தில் வைத்த டூ-வே சுவிட்ச். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் ராத்திரிகளில் அவர் இருட்டில் கதவோரம் வரை தடவிக்கொண்டு போவார். இப்போது படுத்தபடியே கையை நீட்டினால் போதும். அந்த லைட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது.

மாட்டுக்கொட்டகை மட்டும் இன்னும் பழைய லைனில்தான். தைக்குள் மாற்றிவிட வேண்டும்.