தோட்டமும் காடும்: டர்பனா, கசானேயா, கபரோனியா?

வேலைக்காக ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குக் குடிபெயர்பவர்களில் சிலருக்கு இரண்டு ஆசைகள் சேர்ந்தே இருக்கும். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து காய்கறி பயிரிட வேண்டும். விடுமுறை நாட்களில் விலங்குகளைப் பார்க்கவும் போக வேண்டும். இரண்டையும் சரிபாதியாகத் தரும் ஊர் எதுவும் இல்லை. நான் மூன்று ஊர்களையும் தண்ணீரை வைத்தே எடைபோடுகிறேன். பாத்தியில் என்ன முளைக்கும், வேலியை எது தாண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். என் தேர்வு டர்பன். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் டர்பனில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது, பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. உறைபனி கிடையாது. கறிவேப்பிலையும் முருங்கையும் வீட்டுக்கொல்லைகளில் செழித்து நிற்கின்றன. அதற்கு மழை மட்டும் காரணமில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இங்கே இறக்கியது. அவர்களையும் பின்னால் வந்தவர்களையும் கரும்புத் தோட்டங்கள் கசக்கிப் பிழிந்தன. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு நகரத்துக்கு விற்றார்கள். வார்விக் சந்திப்பில் இருக்கும் அதிகாலைச் சந்தையில் நிற்கும்போது அந்த உழைப்பை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது.

பொதுத் தோட்டத்தில் நம் ஊர்ப் பழக்கம் இங்கே அந்நியமாகப் படுவதில்லை. ஜூலு மக்கள் இமிஃபினோ என்று சமைக்கும் கீரைகளில் முளைக்கீரை இனமும் உண்டு. அமடும்பே என்பது நம் சேப்பங்கிழங்கேதான். விதையைக் கைமாற்றினாலே பழக்கம் தொடங்கிவிடும். தொல்லை வெர்வெட் குரங்குகளால்தான். தக்காளி, சோளம், பழம் எதையும் விட்டுவைக்காது. பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கும் சேப்பங்கிழங்கை வேலியோரத்தில் வைத்து, மற்றவற்றுக்கு வலை கட்டுவதுதான் வழி.

விலங்குகளுக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் காரில் போக வேண்டும். ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோசி சரணாலயம் 1895 முதல் பாதுகாக்கப்படும் காடு. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அழியும் தறுவாயில் இருந்தபோது மிஞ்சிய சிறு கூட்டம் இங்கேதான் பிழைத்தது. இன்று உலகில் உள்ளவை அதன் வழி வந்தவையே. வேட்டைக் கும்பல்களுக்கு அஞ்சி 2024இல் அவற்றின் கொம்புகளை அறுக்கத் தொடங்கினார்கள். கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்ப்பது வேதனைதான். உயிரோடு பார்க்கிறோமே என்ற நிம்மதியும் கூடவே வரும். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் செயின்ட் லூசியா என்ற ஊர். அங்கே இரவில் நீர்யானைகள் தெருவோரப் புல்லை மேயும்.

டர்பனின் குறைகளும் சிறியவை அல்ல. குற்றங்கள் அதிகம், இருட்டியபின் தோட்டத்தில் தனியாக இருக்கக்கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றோரத் தாழ்நிலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அங்கே வீடு எடுக்க வேண்டாம்.

போத்ஸ்வானாவின் வடகோடியில், சோபே ஆற்றங்கரையில் இருக்கும் கசானேயில் காட்டைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. நாட்டில் சுமார் 1,30,000 யானைகள் உள்ளன. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. மழையில்லாத குளிர்கால வறட்சியில் அவை ஆற்றை நோக்கி வரும், ஊருக்குள்ளும் நடக்கும். தோட்டத்துக்குத் தேவையான அதே தண்ணீரைத் தேடித்தான் அவையும் வருகின்றன. ஒரே இரவில் ஒரு பருவத்தின் விளைச்சல் போய்விடும். இப்பகுதி விவசாயிகள் மிளகாயை யானைச் சாணத்தில் கலந்து கட்டியாக்கி, வயலோரத்தில் புகைய விடுகிறார்கள். அந்தக் காரம் யானைக்கு ஆகாது. நல்ல யோசனை; ஆனால் வேலைக்குப் போய்வருபவர் இரவுதோறும் செய்யக்கூடியதல்ல. மழைக்காலத்தில் மலேரியாவும் உண்டு. கைக்குழந்தையோடு போவோருக்கு நான் கசானேயைச் சொல்ல மாட்டேன். விலங்குகளே போதும், நான்கு தொட்டிச் செடிகள் இருந்தால் சரி என்பவர் யோசிக்காமல் போகலாம்.

போத்ஸ்வானாவின் தலைநகர் கபரோனி நிதானமான ஊர். மூன்றில் மனிதர் அச்சமின்றி வாழ ஏற்றது இதுவே. நகருக்குள்ளேயே ஒரு சிறு சரணாலயத்தில் வரிக்குதிரையும் இம்பாலா மானும் மேய்கின்றன. தெற்கே சற்றுத் தூரத்தில் மொகோலொடி சரணாலயம். அங்கே ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமும் உண்டு. இன்னும் தெற்கே ஓட்சே என்ற ஊரின் பாறைமலையில் கேப் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. மழை மட்டும் டர்பனில் பெய்வதில் பாதிதான். 2015இல் கபரோனி அணை வறண்டே போயிற்று. குளிர்காலத்தில் சில இரவுகள் உறைபனி கருக்கும். 2022 ஜனவரியில் அரசு பல காய்கறிகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தபோது, சொந்தப் பாத்தியின் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே தட்டைப்பயறை நடுங்கள். வறட்சியைத் தாங்கும், மொரோகோ என்று உள்ளூர்க்காரர்கள் விரும்பிச் சமைக்கும் கீரைகளில் அதன் இலையும் உண்டு. நிழல்வலையும் மழைநீர்த் தொட்டியும் இல்லாத இடத்தில் பொதுத் தோட்டம் தொடங்க வேண்டாம்.

எங்கே போவதானாலும் ஆகஸ்டுக்குள் போய்ச் சேருங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை புதர்கள் உதிர்ந்து விலங்குகள் எளிதில் கண்ணில் படும். மண்ணைக் கொத்தி எருவிட்டு, முதல் மழைக்குள் விதைக்கவும் நேரம் இருக்கும்.