200 டிஎம்ஏ, பிஇ, விக்ஸ்: பல வருஷம் யூஸ் பண்ணதுல எது தேறுச்சு

நான் ட்ரேடர் இல்ல. மாசக் கடைசில ஒரு தடவை சார்ட் பாத்து, காசு நிஃப்டி (50 பெரிய கம்பெனி ஷேர்களோட இண்டெக்ஸ்) இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருக்கட்டுமா, ஷேர் இல்லாம ஏற்ற இறக்கம் கம்மியான லிக்விட் ஃபண்டுக்கு போகட்டுமான்னு முடிவு பண்ற ஆளு, அதுக்குத்தான் இந்த இண்டிகேட்டர் எல்லாம்.

முதல்ல கழண்டது பிஇ, அதாவது விலைய கம்பெனிங்க லாபத்தால வகுத்தா வர்ற நம்பர். 20-க்கு கீழ வாங்கு, 25-க்கு மேல வித்துடுன்னு ஊர் பூரா சொன்ன கணக்கு. 2020 ஆகஸ்ட்ல நிஃப்டி ஜனவரி ஹைக்கு கீழதான் நின்னுச்சு, ஆனா பிஇ ஜனவரிய விட மேல, ஏன்னா லாக்டவுன்ல கம்பெனிங்க லாபம் சுருங்கிருச்சு, வகுக்கற நம்பர் சின்னதானா விடை பெருசாத்தானே வரும். அப்பவும் வித்துடுன்னுதான் சிக்னல், நிஃப்டி 2021 அக்டோபர்ல 18,000 தாண்டிப் போச்சு. நடுவுல 2021 மார்ச் கடைசில நிஃப்டிய நடத்தற என்எஸ்இ கணக்கையே மாத்திட்டாங்க, ஸ்டாண்டலோன் (தாய் கம்பெனி மட்டும்) லாபத்துக்கு பதிலா கன்சாலிடேட்டட் (துணை கம்பெனிங்களையும் சேர்த்து). முந்தின நாள் 40 சொச்சம், மறுநாள் 33, இத்தனைக்கும் அன்னிக்கு இண்டெக்ஸ் அவ்ளோ ஒண்ணும் விழல! ரெண்டையும் ஒரே கோட்டுல ஒட்டி பேக்டெஸ்ட் (பழைய டேட்டால சோதனை) போட்டுக் காட்டறவங்க இன்னும் இருக்காங்க.

விக்ஸ், அதாவது மார்க்கெட் எவ்ளோ ஆடும்னு ஆப்ஷன் விலைய வச்சு கணக்கு போடற நம்பர், என் வேலைக்கு ஆகல. 2024 ஜூன் 4 எலக்‌ஷன் ரிசல்ட் அன்னிக்கு நிஃப்டி கிட்டத்தட்ட 6% விழுந்துச்சு, விக்ஸும் எகிறுச்சு, 7-ஆம் தேதி பாத்தா விழுந்ததெல்லாம் திரும்ப வந்தாச்சு. மாசத்துக்கு ஒரு தடவை பாக்கறவனுக்கு இதுல என்ன இருக்கு, ஆப்ஷன் ஆளுங்களுக்கு வேணா உதவும்.

இன்னும் கைல இருக்கறது 200 டிஎம்ஏ மட்டும்தான், அதாவது கடைசி 200 ட்ரேடிங் நாள் க்ளோசிங்கோட சராசரி, சார்ட்ல ஒரு கோடா போகும். மாசக் கடைசி க்ளோசிங் கோட்டுக்கு கீழன்னா வெளிய, மேலன்னா உள்ள. 2020 பிப்ரவரி கடைசில 11,201-ல வெளிய வரச் சொல்லுச்சு, மார்ச் 23 அன்னிக்கு நிஃப்டி 7,610. கேக்க சூப்பரா இருக்குல்ல, ஆனா திரும்ப உள்ள போன்னு சொன்னது ஜூலை கடைசில, 11,073-ல. அவ்ளோ பெரிய க்ராஷ தாண்டியும் பாயிண்ட் கணக்குல மிஞ்சினது நூத்திச் சொச்சம்தான், அந்த மார்ச் மாசம் நிம்மதியா தூங்கலாம், அவ்ளோதான் அதோட வேலை. 2024 டிசம்பர் இன்னும் மோசம். 23,645-ல வெளிய, ஏப்ரல் கடைசில 24,334-ல உள்ள, விலையே எழுநூறு பாயிண்ட் கிட்ட ஏறிருச்சு. தினமும் பாத்தவங்க பாடு இன்னும் திண்டாட்டம், நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள நிஃப்டி கோட்டுக்கு மேலயும் கீழயும் மாறி மாறி தாண்டிச்சு, ஒவ்வொரு தடவையும் வித்து வாங்கிட்டே இருந்தா என்ன மிஞ்சும். அதுவும் 2024 ஜூலை 23-ல இருந்து ஷார்ட் டெர்ம் டாக்ஸ் (ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துக்கு வர்றது) 15-ல இருந்து 20% ஆயிருச்சு, பேக்டெஸ்ட்ல இத யாரும் கழிக்கறதே இல்ல.

அதனால இப்ப பழைய யூனிட் எதையும் விக்கறதில்ல. கோட்டுக்கு கீழ இருக்கற மாசம் புது காசு லிக்விட் ஃபண்டுக்கு போகும், மேல வந்ததும் அத மூணு தவணையா பிரிச்சு நிஃப்டி ஃபண்டுக்கு மாத்திடறேன். சிம்பிள் ஆவரேஜ் போதும், புது விலைக்கு கூட வெயிட் தர்ற எக்ஸ்போனென்ஷியல் வச்சா சிக்னல் அடிக்கடி மாறுது.