ஸ்கூல் பஸ் பின்சீட் அலாரம்: பட்டன் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பிள்ளை ஒன்று உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, பஸ்ஸைப் பூட்டிவிட்டுப் போவதுதான் உதவியாளர் வேலையில் நடக்கவே கூடாத தவறு. வெயிலில் நிற்கும் மூடிய காரில் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும். சிறு குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். பஸ் பெரிய வண்டிதானே என்று இதில் அசட்டையாக இருக்க முடியாது.

இந்தத் தவறைத் தடுக்க வந்ததுதான் பின்சீட் அலாரம். சாவியை ஆஃப் செய்ததும் பஸ்ஸர் கத்த ஆரம்பிக்கும். கடைசி வரிசைவரை நடந்துபோய் அங்கே இருக்கும் பட்டனை அழுத்தினால்தான் அடங்கும். அழுத்தாமல் இறங்கிவிட்டால் ஹாரன் அடிக்கும். வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்குங்கள். ஆனால் பொருத்துகிற விதம் சரியில்லை என்றால் வாங்கியும் பயனில்லை.

பட்டனின் இடம்தான் முக்கியம். பலரும் அதை எமர்ஜென்சி கதவை ஒட்டி வைக்கிறார்கள், வயர் இழுக்கச் சுலபம் என்பதால். அங்கே வைத்தால், வெளியே சுற்றிவந்து பின்கதவைத் திறந்து, கையை நீட்டி அழுத்திவிட்டுப் போய்விடலாம். ஒரு சீட்டைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி வரிசையின் பக்கச் சுவரில், கதவிலிருந்து கை எட்டாத இடத்தில், பெரியவர் தோள் உயரத்தில் வையுங்கள். சட்டென்று தட்டினால் அடங்குகிற பட்டனைவிட, 2 அல்லது 3 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டிய பட்டன் நல்லது; பிள்ளைகள் விளையாட்டாகத் தொட்டால் அணையாது. "தம்பி, பின்னால போய் அதை அமுக்கிட்டு வா" என்று பெரிய பிள்ளையை அனுப்பும் பழக்கம் மட்டும் எந்த வண்டியிலும் வேண்டாம்.

அடுத்தது வயரிங். பேட்டரியிலிருந்து நேராக ஒன்று, சாவி லைனிலிருந்து ஒன்று, எர்த் ஒன்று. ஹாரனுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள பஸ்ஸில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அலாரத்துக்கான கரண்டை அந்தச் சுவிட்சுக்குப் பிறகு எடுத்திருந்தால், டிரைவர் கட்-ஆஃப் செய்த நிமிடமே அலாரமும் செத்துவிடும். சுவிட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். வேன் என்றால் பொதுவாக 12 வோல்ட். பெரிய பஸ்கள் பல 24 வோல்ட். 12 வோல்ட் அலாரப் பெட்டியை 24-இல் மாட்டினால் கருகிவிடும்.

சாவியை ஆஃப் செய்து எவ்வளவு நேரம் கழித்து ஹாரன் அடிக்க வேண்டும் என்ற நேர அமைப்பையும் கவனியுங்கள். பிள்ளைகள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் அடித்தால், எரிச்சலில் யாராவது முன்கூட்டியே போய் அழுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அலாரம் இருந்தும் இல்லாததுபோலத்தான். கடைசிப் பிள்ளை இறங்கி, நீங்கள் பின்சீட்டை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதற்கு மேல் அரை நிமிடம் வையுங்கள். சாவியை மறுபடி ஆன் செய்தாலே அடங்கிவிடுகிற மாடல்களை வாங்க வேண்டாம். கடையிலேயே ஆஃப், ஆன், ஆஃப் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்தவையும் கிடைக்கின்றன. இன்ஃப்ராரெட் சென்சார் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், அசைவையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கும். உள்ளே 36, 37 டிகிரி ஆகிவிட்டால் அந்த வித்தியாசமே இருக்காது; தூங்குகிற பிள்ளை அசையவும் செய்யாது. மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது தடுமாறும். மூச்சின் அசைவையே பிடிக்கும் ரேடார் இதைவிட மேல். ஆனாலும் உயரமான சீட்டுகள் வரிசையாக உள்ள பஸ்ஸுக்கு ஒன்று போதாது. பிள்ளைகள் ஏறும்போதும் இறங்கும்போதும் அடையாள அட்டையைத் தேய்க்கும் கருவியை இதற்கு மாற்றாக விற்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். அட்டை பையில் இருக்கும். பையை அண்ணன் தூக்கிக்கொண்டு இறங்குவான், தங்கை சீட்டிலேயே இருப்பாள். ஏறிய தலைக்கணக்கு, இறங்கிய தலைக்கணக்கு இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிடுவதுதான் இன்னும் நம்பகமானது.

அலாரம் உங்களை நடக்க வைக்கும், அவ்வளவுதான், பார்க்க வைக்காது. தூங்குகிற சின்னப் பிள்ளை சீட்டில் நேராக உட்கார்ந்திருப்பதில்லை. சுவரோரம் சரிந்து, கால் வைக்கும் இடத்தில் இறங்கி, பைமேல் தலை வைத்துச் சுருண்டிருக்கும். நடைபாதையில் நிமிர்ந்து நடந்தால் கண்ணில் படாது. பின்னால் போகும்போது ஒவ்வொரு வரிசையிலும் சீட்டையும் காலடியையும் பாருங்கள். பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பும்போது குனிந்து, சீட்டுக்கு அடியில் பாருங்கள். முன்னாலிருந்து தெரியாதது பின்னாலிருந்து தெரியும். தண்ணீர் பாட்டிலோ ஒற்றைச் செருப்போ கிடந்தால், எடுத்துப் போட்டுவிட்டு நகராமல் அந்த வரிசையை மறுபடி பாருங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. கூரைத் தகடு வழியாகப் போகும் வயர் உரசித் தேயும். பட்டனுக்குள் தூசி ஏறும். வாரம் ஒருமுறை, பஸ் காலியாக நிற்கும்போது, சாவியை ஆஃப் செய்து பட்டனைத் தொடாமல் ஹாரன் அடிக்கும்வரை காத்திருங்கள். அடிக்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து எர்த், பிறகு பட்டன் வயர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.