டின் ரெகுலேட்டரும் ஏ-கிளாம்ப் அடாப்டரும்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஸ்கூபா டைவிங்கில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தருகிற கருவிதான் ரெகுலேட்டர். என்னிடம் இருப்பது 300 பார் (பார் என்பது அழுத்த அளவு) டின் இணைப்புள்ளது. கூடவே, அதை யோக் வால்வில் மாட்டுவதற்கு ஓர் ஏ-கிளாம்ப் அடாப்டர். வீடு கோலாலம்பூர் செந்தூலில், டைவிங் எல்லாம் கிழக்குக் கரைத் தீவுகளில்தான், தியோமான் அல்லது பெர்ஹெந்தியான். தீபாவளி லீவு நேரத்தில் அங்கே மழைக்காலம் தொடங்கிக் கடைகளை மூடிவிடுவார்கள் என்பதால் அப்போது மட்டும் சபா பக்கம். சொந்த சிலிண்டர் கிடையாது, தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, போகிற இடத்தில் எந்தத் தோங் கொடுக்கிறார்களோ அதில்தான் மாட்டியாக வேண்டும். கே.எல்.-இல் ரெகுலேட்டர் வாங்குகிற பெரும்பாலோர் நிலைமை இதுதான், அதனால் எனக்குப் படிந்ததையும் படியாததையும் எழுதி வைக்கிறேன்.

புதியவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. யோக் என்றால் ஓர் உலோக வளையம் வால்வைச் சுற்றி உட்கார்ந்து, பின்பக்கத் திருகை இறுக்கும்போது ரெகுலேட்டரை வால்வின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். இதையே ஏ-கிளாம்ப் என்றும் சொல்வார்கள், ஐ.என்.டி. என்றும் சொல்வார்கள். டின் என்றால் ரெகுலேட்டரின் முனையே மரையோடு வால்வுக்குள் திருகி இறங்கும். 200 பார் வகையில் 5 மரை, 300 பார் வகையில் 7 மரை. 300 ரெகுலேட்டர் 200 வால்விலும் போகும், ஆனால் 200 ரெகுலேட்டர் 300 வால்வில் அடிவரை எட்டாது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே டின் வாங்குவதாக முடிவெடுத்தால் 300-ஐ வாங்குங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது அழுத்தக் கணக்கு. யோக் 232 பார் வரைதான், டின் 300 வரை தாங்கும், அதனால் டின்தான் உசத்தி என்பார்கள். உண்மைதான், ஆனால் நம் தீவுகளில் அதற்கு வேலையே இல்லை. இங்கே கையில் கிடைப்பது பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், அலுமினியம் 80 என்பார்களே அதுதான். அதன் வேலை அழுத்தம் 207 பார். நிரப்பித் தருவது 200 சுற்றில், சில நாள் வெயிலில் காய்ந்து ஆறிய பிறகு பார்த்தால் 190-தான் காட்டும். அதற்கு யோக் தாராளம்.

எனக்கு டின் பிடித்துப்போன காரணம் வேறு, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். யோக் முறையில் காற்றை அடைத்து நிறுத்துகிற ஓ-ரிங் சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கிறது, அதாவது அது கடைக்காரருடையது. வெயிலில் காய்ந்ததா, மணல் கீறியதா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. படகில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்கும்போது வால்வைத் திறந்ததும் ஒரு சிலிண்டர் ‘உஸ்ஸ்’ என்று சீறுமே, பத்துக்கு ஒன்பது தடவை இந்தச் சனியன்தான். டின்னில் அந்த ஓ-ரிங் ரெகுலேட்டரின் நுனியில் இருக்கிறது, அது என்னுடையது, நான்தான் பார்த்து மாற்றுகிறேன். திருகி இறக்கிய பின் சுற்றிலும் உலோகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும், பிதுங்கி வெளியே வர வழி கிடையாது. யோக் எதிலாவது பலமாக இடித்தால் கிளாம்ப் சற்று அசைந்து ஓ-ரிங் பிதுங்க வாய்ப்புண்டு, பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் அந்தத் திருகு கயிற்றிலும் வலையிலும் மாட்டும். குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் கப்பல்கள் இரண்டும் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன. அந்த மாதிரி ஆழத்துக்கு இரட்டை சிலிண்டரோடு இறங்குகிறவர்கள் டின் இல்லாமல் போவதில்லை என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. நானும் நீங்களும் தியோமான் சலாங்கில் 18 மீட்டரில் ஆமை பார்க்கிற ஆட்கள். நமக்கு அது அபூர்வமான ஆபத்து, ஓ-ரிங் தொல்லைதான் அன்றாட ஆபத்து.

இப்போது விளம்பரத்தில் சொல்லாத விஷயம். அடாப்டரை மாட்டிய நிமிடமே இந்த அனுகூலத்தில் பாதி போய்விடுகிறது. அடாப்டர் போய் உட்காருவது அதே யோக் வால்வின் முகத்தில், அதே கடைக்கார ஓ-ரிங் மேல். அதற்கு மேல் அடாப்டருக்குள் என் டின் ஓ-ரிங். கசிய ஓர் இடம் இருந்தது, இப்போது இரண்டு. அழுத்த வரம்பும் திரும்ப யோக் கணக்குக்கே வந்துவிடும். போதாக்குறைக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ரெகுலேட்டரில் வால்வோடு சேரும் பாகம், சில சென்டிமீட்டர் தலைப்பக்கமாக நீட்டிக்கொண்டு வரும், நிமிர்ந்து மேலே பார்த்தால் பின்மண்டையில் ‘டொக்’. ஹோஸ்களும் அந்த அளவுக்கு இடம் மாறும். எனக்கு அது பழகிவிட்டது, என் கூட வரும் குள்ளமான நண்பருக்குப் பழகவே இல்லை, சிலிண்டரை ஒரு கை அகலம் இறக்கிக் கட்டிக்கொண்டு சமாளிக்கிறார்.

அதனால் நான் எப்போதும் முதலில் பார்ப்பது வால்வைத்தான். பல கடைகளில், முக்கியமாக ஐரோப்பியப் பயணிகள் நிறைய வரும் தீவுகளில், இருவகை வால்வு வைத்திருக்கிறார்கள். பார்க்க யோக் மாதிரியே இருக்கும், ஆனால் வாய்க்குள் ஒரு இன்செர்ட் திருகியிருக்கும், நடுவில் அறுகோணத் துளை. வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆலன் கீ வைத்துக் கழற்றினால் உள்ளே டின் மரை. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் கீ சரியாக இருக்கும், நான் ஒன்றைப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். இப்படி நேராக மாட்டினால்தான் டின் வாங்கிய காசுக்கு முழுப் பலன்.

சிக்கல் என்னவென்றால், யாரும் கழற்றாமல் உப்பில் ஊறிய இன்செர்ட் வால்வோடு ஒட்டிக்கொள்ளும். தம் கட்டி முறுக்கினால் அறுகோணம்தான் தேயும். அசையவில்லையா, விட்டுவிட்டு அடாப்டரை எடுங்கள், அது உங்கள் சிலிண்டர் இல்லை. கழற்ற முடிந்தாலும் சில கடைகளில் விரும்ப மாட்டார்கள். பெர்ஹெந்தியானில் பட்டர்வொர்த்திலிருந்து வந்து வேலை செய்கிற டைவ் மாஸ்டர் தம்பி ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “அண்ணே, நீங்க கழட்டிட்டுப் போயிடுவீங்க, இன்செர்ட் தொலைஞ்சா அடுத்த ஆளு யோக்கோட வந்து முழிப்பாரு, முதலாளி என்னைத்தான் கேட்பாரு. அடாப்டர் இருக்குல்ல, போட்டுக்குங்க.” அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்செர்ட் இல்லாமல் அடுக்கி வைத்த சிலிண்டர் விழுந்து வால்வின் வாய் நெளிந்தால் அப்புறம் அதில் எதுவுமே திருகாது, அப்படி ஒன்றை வேறொரு கடையில் பார்த்திருக்கிறேன்.

அடாப்டரைப் பயன்படுத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரெகுலேட்டரை அடாப்டருக்குள் கையால் முழுக்கத் திருகுங்கள், அப்புறம்தான் அடாப்டரை வால்வில் மாட்டுவது. வால்வில் தொங்கும் அடாப்டருக்குள் ரெகுலேட்டரைத் திருகப் போனால் மரை கோணலாக ஏறும், படகு ஆடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். டைவ் முடிந்ததும் வால்வை மூடி, வாய்ப்பகுதியிலுள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை முழுக்க விட்டுவிட்டு, ஏ-கிளாம்ப் திருகை மட்டும் தளர்த்துங்கள். உதவிக்கு வரும் படகுப் பையன்கள் அவசரத்தில் டின் கைப்பிடியைப் பிடித்துத் திருகிவிடுவார்கள், ரெகுலேட்டர் தனியாகக் கையோடு வரும், அடாப்டர் சிலிண்டரிலேயே தங்கிவிடும். சிலிண்டர் லாரியில் ஏறிப் போய்விட்டால் அடாப்டரும் போச்சு. என்னுடையதில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

கழுவும்போது அடாப்டரைக் கட்டாயம் பிரித்துக் கழுவ வேண்டும். மாட்டியபடியே நல்ல தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் மரைக்கு நடுவில் உப்பு தங்கும், குரோம் பூச்சு பச்சை பூத்து உரிய ஆரம்பிப்பது அங்கேதான். ரெகுலேட்டர் வாய்க்கு டின் மூடி முதலில் போடுங்கள், அப்புறம் தண்ணீர். மூடியில்லாமல் நனைந்தால் நேராக சர்வீஸ்தான்.

அடாப்டர் வாங்கும்போது அழுத்த அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பேரில்லாத மலிவு அடாப்டர்கள் கிடைக்கும், எதுவும் பொறிக்காத உலோகத்துண்டைக் கழுத்துக்குப் பின்னால் 200 பாரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பாவில் நைட்ராக்ஸுக்கென்று (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த வாயு) எம்26 என்ற வேறு மரை உண்டு. கலவை வாயு சிலிண்டரில் சாதாரண ரெகுலேட்டரைத் தவறி மாட்டக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு, அதைத் தாண்டிப் போகவும் அடாப்டர் விற்கிறார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

யோக் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டில் டின் வால்வு கொடுத்தால் உள்ளே திருகுகிற அதே இன்செர்ட் தனியாகவும் கிடைக்கும், சட்டைப்பையில் அடங்கும். ஆனால் அதற்குப் பொருந்துகிற 200, 232 பார் வால்வில்தான் போகும், 300 வால்வில் போகாது.

எதை வாங்கலாம் என்று கேட்டால், வருடத்துக்கு ஓரிரு தடவை தீவுக்குப் போய் வாடகை சிலிண்டரில் டைவ் செய்பவருக்கு யோக் போதும் என்றுதான் சொல்வேன், டின் வாங்கி எந்நேரமும் அடாப்டரோடு திரிவது யோக்கையே கூடுதல் விலைக்கும் கூடுதல் எடைக்கும் வாங்குவது போல. சபாவின் தவாவ் போகும் விமானத்தில் பெட்டி எடை பார்க்கும்போது அந்த எடை உறைக்கும். ஐரோப்பா, செங்கடல் என்று போகிறவர், ஆழமான கப்பல் சிதைவுகளில் ஆசை உள்ளவர், டின் எடுத்து அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளலாம். தவறாகத் தேர்ந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, பெயர் பெற்ற நிறுவனங்களின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்களில் பெரும்பாலானவற்றை இணைப்பு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதை சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள், குறிப்பிட்ட முறுக்கு அளவில் இறுக்க வேண்டிய வேலை, வீட்டு ஸ்பேனர் சரிப்படாது.

எதை வாங்கினாலும் இரண்டு அளவு ஓ-ரிங் கையில் இருக்கட்டும். யோக் வால்வு முகத்துக்கு 014 எண் அளவு, டின் நுனிக்கு 112, அதுவும் கடினமான 90 டூரோமீட்டர் (ரப்பரின் கடினத்தன்மை அளவு) வகை. பழைய ஓ-ரிங்கை வால்விலிருந்து எடுக்கக் கத்தி முனை வேண்டாம், மழுங்கலான பிளாஸ்டிக் அல்லது பித்தளைக் குச்சி போதும், பள்ளத்தில் கீறல் விழுந்தால் புதுசு போட்டாலும் கசியும்.